குமாவுன் மலையில் ஊர் ஊராக நடக்கலாமா? தெரியாதவர் வீட்டில் தங்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ட்ரெக்கிங் கம்பெனி, டென்ட், வழிகாட்டி எதுவும் இல்லாமல் உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் பத்து நாள் கிராமம் கிராமமாக நடக்க அவருக்கு ஆசை. இந்தி அரைகுறை. ஊர்க்காரர்கள் பேசுவார்களா, இரவு யார் வீட்டிலாவது படுக்க இடம் கிடைக்குமா, பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்கிறார். பாதை, உயரம், குளிர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் தொந்தரவில்லாமல் போய் நிற்பது எப்படி என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் நிலத்தடி நீர் படித்தவன். அல்மோரா, பாகேஷ்வர் மாவட்டங்களில் ஊற்றுகளைக் கணக்கெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். ஊற்று ரோட்டோரம் இருப்பதில்லை. ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, யாரையாவது கேட்டு, அவர்கள் பின்னால் நடந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே கீழே சொல்வது குமாவுனின் நடுமலைக் கிராமங்களுக்குப் பொருந்தும். பக்கத்தில் கட்வாலில், பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையோர ஊர்களின் கதை வேறு. அங்கே வழிப்போக்கர் என்றாலே வியாபாரம். அதில் தப்பும் இல்லை.

பேசுவார்களா என்றால், பேசுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே எந்த ஊர், எங்கே போகிறீர்கள், தனியாகவா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று வரிசையாகக் கேட்பார்கள். இதில் 'எதற்கு வந்தீர்கள்' என்ற கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். 'சும்மா நடக்கிறேன்' என்பது அங்கே பதிலாகாது. மூட்டையோ மாடோ இல்லாமல், சொந்தக்காரர் வீட்டு விசேஷமும் இல்லாமல் ஏற்றத்தில் நடப்பவனை யாரும் நம்பமாட்டார்கள். முதல் சந்தேகம் நிலம் வாங்க வந்த ஆள் என்பது. வெளியாட்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தச் சொல்லி அந்த மாநிலத்தில் போராட்டங்களே நடந்திருக்கின்றன. மே, ஜூன் மாதங்களில் மேலே எல்லையோரமுள்ள முன்சியாரி, தார்ச்சுலா பக்கம் போனால் இன்னொரு சந்தேகமும் சேரும். அது கீடா ஜடி பருவம். புழுவின் மேல் முளைக்கும் அந்தப் பூஞ்சணத்துக்கு எக்கச்சக்க விலை. பாதி ஊர் மேல்புல்வெளிகளில் மண்டியிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கும். எந்த மேடு எந்த ஊருக்கு என்பதில் தகராறு வேறு. அந்த நேரத்தில் புதுமுகம் ஒன்று மேலே ஏறினால் யாருக்கும் பிடிக்காது. ஜாகேஷ்வர் கோயிலுக்கு நடந்து போகிறேன், நௌலா எனப்படும் பழைய கல் ஊற்றுத்தொட்டிகளைப் பார்க்கிறேன், பறவை பார்க்கிறேன் என்று உண்மையான ஒரு காரணத்தைச் சொல்லுங்கள். ஆதார் அட்டையின் நகலும் பையில் இருக்கட்டும்.

அரைகுறை இந்தி போதும். அவர்களுக்குள் பேசுவது குமாவுனி. உங்களிடம் பேசும் இந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூடத்திலும் பட்டாளத்திலும் கற்றதுதான். பட்டாளம் என்று காரணமாகத்தான் சொல்கிறேன். குமாவுன் ரெஜிமென்ட்டின் தலைமையகம் ராணிக்கேத்தில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு ஃபௌஜியாவது இல்லாத ஊரைக் காண்பது கடினம். அவர் வெலிங்டனிலோ ஆவடியிலோ இருந்திருந்தால் உங்கள் பாடு கொண்டாட்டம். 'இட்லி', 'தண்ணி', 'சாப்டியா' மூன்றும் வரும், அடுத்து டீ வரும். உங்களை மதராஸி என்பார்கள், அதில் கேலி கிடையாது. நீங்கள் அவர்களை முறை வைத்துக் கூப்பிடுங்கள். உங்களைவிட மூத்த ஆண் என்றால் தாஜ்யூ, பெண் என்றால் தீதி, வயதான பாட்டி ஆமா, தாத்தா பூபூ. 'அங்கிள்', 'ஆன்ட்டி'யைவிட இது நூறு மடங்கு வேலை செய்யும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நன்றாக நடத்துவார்களா என்று கேட்பவர்கள் யார் நடத்துவார்கள் என்று யோசிப்பதில்லை. வாசலில் உட்கார்ந்து உங்களோடு உலக நியாயம் பேசுபவர் ஆண். உங்களுக்கு டீ போடுபவர், ரொட்டி சுடுபவர், விரிப்புத் தேடுபவர் பெண். அவருடைய நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாட்டைக் கறந்து, தண்ணீர் கொண்டுவந்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அரிவாளும் கயிறுமாகப் புல்லுக்குக் கிளம்புவார். உச்சிவேளையில் திரும்பும்போது தூரத்திலிருந்து பார்த்தால் ஆளே தெரியாது. ஒரு புல்கட்டு தானாக மலையிறங்கி வருவது போலிருக்கும். கிட்டே வந்தால் கட்டுக்கு அடியில் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால், இடுப்பில் செருகிய அரிவாள், கழுத்தில் ஒட்டிய விதைகள். பிற்பகல் வயல். சாயங்காலம் மறுபடி மாடு, மறுபடி அடுப்பு.

நடப்பதற்கு மிக நல்ல மாதம் அக்டோபர் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். மழை ஓய்ந்திருக்கும், வானம் கழுவிவிட்டது போல் இருக்கும், நந்தாதேவியும் திரிசூலும் காலையிலேயே தெரியும். ஆனால் அந்த மாதம்தான் பெண்களுக்கு முதுகு ஒடியும் மாதம். மழையில் வளர்ந்த புல் முழுவதையும் பனிக்காலத்துக்கு முன் அறுத்து, உலர்த்தி, மரத்தையோ கம்பத்தையோ சுற்றிக் கூம்பாகப் போர் வைக்க வேண்டும். நெல், கேழ்வரகு அறுப்பும் அப்போதுதான். அந்த மாதத்தில் இரவு ஏழு மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் உங்களை வெளியே அனுப்பமாட்டார்கள். ஆனால் அணைத்த அடுப்பை மறுபடி மூட்டுவது யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாலு மணிக்குள் ஊரில் இருங்கள். இரவு தங்கலாமா, சாப்பாடு கிடைக்குமா, எவ்வளவு தர வேண்டும் என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். மாவு ஒரே தடவை பிசைந்தால் போதும் என்றாகும். கேட்கும்போது வீட்டுப் பெண்ணையும் பார்த்துக் கேளுங்கள். ஆண் உடனே 'ஆகட்டும்' என்பார். அந்த அம்மாவின் முகத்தில் தயக்கம் தெரிந்தால் வேறு வீடு பார்ப்பது உத்தமம்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன் ஒரு பழைய கதை. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரியோ வேட்டைக்காரத் துரையோ இந்த மலையில் பயணம் போனால், வழியிலுள்ள ஊர்க்காரர்கள் அவர் மூட்டையைச் சுமக்க வேண்டும். சம்பளமில்லாத இந்தக் கட்டாயச் சுமை வேலைக்கு 'கூலி பேகார்' என்று பெயர். முகாமுக்குப் பால், விறகு, புல், தானியம் கொடுப்பது பர்தாயிஷ். யார் வீட்டு முறை எப்போது என்று பதிவேடு வேறு. 1921 ஜனவரியில் பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழாவுக்குக் கூடிய ஆயிரக்கணக்கானவர்கள், பத்ரி தத் பாண்டே முதலானவர்கள் முன்னிற்க, இனி சுமக்கமாட்டோம் என்று சபதம் செய்து, அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். அந்தத் திருவிழா இன்றும் ஜனவரியில் நடக்கிறது. அந்தக் கதையை அங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். வெளியிலிருந்து நடந்து வருபவனுக்கு இலவசமாகச் சோறும் தோளும் கொடுக்க மாட்டோம் என்று போராடி வென்ற ஊர்கள் இவை. அவர்களாக உபசரிப்பது அவர்கள் பெருந்தன்மை. அதைப் பயணத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதி, பட்ஜெட்டில் பூஜ்யம் போடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆகவே கொடுங்கள். ஒரு டீ, ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு என்றால் வேண்டாம். அதற்குக் காசு நீட்டினால் உண்மையிலேயே வருத்தப்படுவார்கள். ஒரு வேளைச் சாப்பாடும் படுக்கையும் என்றால் பக்கத்து ஊர் ஹோம்ஸ்டேயில் என்ன வாங்குகிறார்களோ அதற்கு ஈடாகக் கொடுங்கள். முதலில் மறுப்பார்கள். அது மரியாதைக்கான மறுப்பா, மனசார மறுப்பா என்பதை இரண்டாவது தடவை கேட்கும்போது கண்டுபிடித்துவிடலாம். மனசாரத்தான் என்றால் அவர்கள் விளைத்த ராஜ்மாவோ பட் என்னும் கறுப்பு சோயாவோ நெய்யோ ஒரு கிலோ விலைக்குக் கேளுங்கள், அதை மறுக்கமாட்டார்கள். எனக்கு இதுதான் கைகொடுத்த வழி. பணத்தை வீட்டுப் பெண் கையில் கொடுங்கள். கண்ட பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாயும் பத்து ரூபாயும் கொடுத்துப் பழக்காதீர்கள். அடுத்து வருபவரை அந்தப் பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடும்.

சமையலறைக்குள் அழைக்காமல் நுழையாதீர்கள், செருப்போடு முற்றத்தைத் தாண்டாதீர்கள். இதைச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதி அங்கே நன்றாகவே இருக்கிறது. உங்கள் முழுப் பெயரைக் கேட்பார்கள். தமிழ்ப் பெயரில் பிடி கிடைக்காவிட்டால் நேராகவே கேட்பார்கள். யார் கையால் யார் சாப்பிடலாம், யார் வீட்டு அடுப்பு வரை யார் போகலாம் என்பதெல்லாம் இளைஞர்களிடம் தளர்ந்திருக்கிறது, பெரியவர்களிடம் தளரவில்லை. சில்ப்கார் எனப்படும் தலித் சமூகத்தின் வீடுகள் பெரும்பாலும் ஊரின் ஒரு ஓரத்தில் தனியாக இருக்கும். 1980 மே மாதத்தில் அல்மோரா மாவட்டத்தின் கஃபல்டா கிராமத்தின் வழியே போன தலித் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைப் பல்லக்கிலிருந்து இறங்கச் சொன்னதில் தகராறு வெடித்து, 14 பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் வழியாக நடந்து போவது எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. சாதியைக் கேட்டால் நான் சொல்வதில்லை, 'எங்கள் ஊரில் இப்படிக் கேட்க மாட்டார்கள்' என்று பொய்யும் சொல்வதில்லை, பேச்சை மாற்றிவிடுவேன். நீங்கள் என்ன செய்வீர்களோ அது உங்கள் முடிவு. ஒன்று மட்டும் சொல்வேன். ஊரின் மேல்பகுதியில் தங்கிவிட்டு அந்த ஓர வீடுகளைப் பார்க்காமலே திரும்பினால், அந்த மலைவீடுகளின் கல்லையும் மரத்தையும் பரம்பரையாகச் செதுக்கியவர்களைப் பார்க்காமல் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

என் தொழில் தண்ணீர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குமாவுனில் ஊற்றுக்கு மேலே கல் வைத்துச் சின்னக் கோயில் போலக் கட்டிய நௌலாக்கள் இருக்கின்றன. படிப்படியாக இறங்கும் சதுரத் தொட்டி, மேலே கல் கூரை, உள்சுவரில் சில இடங்களில் விஷ்ணு சிலை. பல நூற்றாண்டு பழையவையும் உண்டு. அதில் செருப்போடு இறங்குவது, கை நனைப்பது, பாட்டிலை நேராக முக்குவது எல்லாம் பெரிய தப்பு. ஓரத்தில் ஒரு சொம்போ டப்பாவோ இருக்கும். அதனால் மொண்டு, தள்ளி நின்று குடியுங்கள். குழாயிலிருந்து கொட்டுவது போல் கல்வாயிலிருந்து விழும் தாரா என்றால் கவலையில்லை. கோடையில் நிறைய ஊற்றுகள் மெலிந்துவிடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தங்கினால் ஒரு வாளி வெந்நீர் கேட்காதீர்கள். அந்த ஒரு வாளிக்காக யாரோ அரை மணி நேரம் ஏறி இறங்கியிருக்கலாம்.

சாப்பாடுதான் தமிழ் ஆளுக்கு அங்கே எளிதான நுழைவாயில். மடுவா என்று அவர்கள் சொல்வது நம்ம கேழ்வரகு. கஹத் கொள்ளு. ஜங்கோரா குதிரைவாலி. கேழ்வரகு மாவில் களி போலக் கிண்டி பாடி என்பார்கள். 'இதெல்லாம் எங்கள் ஊரிலும் விளையும்' என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அரை மணி நேரம் ஓடும். மதராஸில் அரிசியும் மீனும் தவிர வேறு எதுவும் கிடையாது என்று நினைத்திருந்த ஒரு ஆமா, கொள்ளு ரசம் வைக்கும் விதத்தை என்னிடம் வரி வரியாகக் கேட்டுவிட்டு, கடைசியில் 'புளி என்ன மரத்தில் காய்க்கும்' என்றார். பனிக்காலத்தில் போனால் வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சை பிசைவதைப் பார்க்கலாம். கைக்கு அடங்காத பெரிய மலை எலுமிச்சையைத் தோல் உரித்துச் சுளை பிரித்து, தயிர், வெல்லம், பச்சை மிளகாய் உப்பு, வறுத்து அரைத்த கஞ்சா விதை எல்லாம் போட்டுப் பிசைவார்கள். விதையில் போதை கிடையாது, பயப்படாதீர்கள். முள்ளங்கியும் சேரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கும் ஓய்வு. அழைத்தால் உட்காருங்கள்.

ஆபத்து என்று பார்த்தால் மனிதர்களால் வருவது மிகக் குறைவு. சிறுத்தையால் உண்டு. பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்னும் ஊரைச் சுற்றியுள்ள புதர்ப் பாதையில் தனியாக நடக்க வேண்டாம். ஊர்க்காரர்களே நடக்கமாட்டார்கள். நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை இருப்பதைப் பார்ப்பீர்கள்; சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்கத்தான். அந்த நாய்கள் ஆட்டுக் கிடைகளுக்குக் காவல் இருக்கும்போது கிட்டே போகாதீர்கள். தூரத்தில் நின்று குரல் கொடுத்தால் இடையர் வந்து கூட்டிப்போவார். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை போகவே வேண்டாம், நிலச்சரிவு. கோடையில் பைன் ஊசிகள் பாதையில் மெத்தையாகக் கிடக்கும், எண்ணெய் தடவிய தரை போல வழுக்கும், ஒரு பீடித் துண்டில் காடே பற்றும். 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் உயிரையே விட்டார்கள். கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். பெண் தனியாக நடக்கலாமா என்பதற்கு நான் சரியான சாட்சி இல்லை. என்னோடு வேலை பார்த்த பெண்கள், கிராமத்துக்குள் பயமே இல்லை, சாலையோரச் சாராயக் கடைப் பக்கம்தான் எரிச்சல் என்பார்கள்.

எங்கே தொடங்குவது? முதல் தடவை என்றால் அல்மோராவிலிருந்து பின்சர் சுற்றுவட்டாரக் கிராமங்கள், அங்கிருந்து ஜாகேஷ்வர் பக்கம். ஊருக்கு ஊர் சில மணி நேர நடைதான், ஹோம்ஸ்டேக்களும் உண்டு. பெண்களே நடத்தும் தங்கும் வீடுகளைப் பார்க்க வேண்டுமானால் முன்சியாரிக்குப் பக்கத்தில் சர்மோலி. ஊர்க் காட்டையும் விருந்தினரையும் சேர்த்து நிர்வகிக்கும் அந்தக் கிராமத்துக்கு 2023ல் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்ற விருது கிடைத்தது. அங்கிருந்து மேலே போனால் ஜோஹார் பள்ளத்தாக்கு, கடைசியில் மிலம். 1962 போருக்கு முன் திபெத்தோடு உப்பும் கம்பளியும் வியாபாரம் செய்து செழித்த ஊர். எல்லை மூடியதும் வீடுகள் கூரையிழந்தன. கோடையில் மட்டும் சில குடும்பங்கள் மேலே வந்து பயிர் வைக்கின்றன, அக்டோபரில் இறங்கிவிடும். நடை பற்றிப் பெருமை பேச நினைத்தால் இந்த ஊரில் வேண்டாம். 1865–66ல் நூறு மணி கோத்த ஜபமாலையில் அடிகளை எண்ணிக்கொண்டே பிரிட்டிஷ் நில அளவைத் துறைக்காக லாசா வரை நடந்து அளந்த நைன் சிங் ராவத் இந்த ஊர்க்காரர். தார்ச்சுலாவுக்கு மேலே வியாஸ் பள்ளத்தாக்குக்குப் போவதானால் எல்லைப் பகுதிக்கான இன்னர் லைன் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும்.

பூட்டிய வீடுகள் நிறைய பார்ப்பீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பத்தாண்டுகளில் ஆட்கள் குறைந்த மாவட்டங்களாக அல்மோராவும் கட்வாலின் பௌடியும் வந்தன. 'பாவம், ஏன் எல்லோரும் போய்விட்டீர்கள்' என்று மிச்சமிருப்பவர்களிடம் கேட்காதீர்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எங்கே இருக்கிறதென்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். யாரையும் தூரம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டாம், 'இதோ, பக்கத்தில்தான்' என்பார்கள். ஏற்றமா இறக்கமா, வழியில் ஆறு உண்டா, இன்றைக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். சரியான பதில் வரும். ஷேர் ஜீப்புகள் விடியற்காலையில் ஊரிலிருந்து டவுனுக்கு இறங்கி, மதியத்துக்கு மேல் திரும்பும். நடுவில் கால் வலித்தால் அந்த நேரக்கணக்கு உதவும்.

புகைப்படம் கேட்டுவிட்டு எடுங்கள், சுமையோடு வரும் பெண்ணை நிறுத்தி எடுக்கவே எடுக்காதீர்கள். 'அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டு அனுப்பாதவர்கள் பட்டியல் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டுப் பையனின் போனோடு நின்றுவிடும், ஆமாவுக்குப் போய்ச் சேராது. திரும்பும் வழியில் அல்மோராவிலோ பாகேஷ்வரிலோ ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு, உறைமேல் வீட்டுக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதி, அந்த ஊர் ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். ஊர் முனை டீக்கடையில் சேர்த்துவிடுவார்.